ஒன்பதாம் வரிசையின் மஞ்சள்

செய்தி வந்தபோது மாலை ஏழு மணி பன்னிரண்டு நிமிடம். ரயில் ரவாங்கைத் தாண்டி செரண்டாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே தாமான் குடியிருப்பின் வீடுகளில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. இங்கொன்று, அங்கொன்று, பிறகு ஒரு வரிசை முழுவதும். தொலைபேசியில் வள்ளியம்மா. என் அண்ணன் வேலை பார்த்த தோட்டத்தில், கடைசி லயத்தில் குடியிருப்பவர்.

"எவலின், அண்ணன் ஒம்பதாம் நம்பரு மதகுகிட்ட கரையில ஒக்காந்திருந்தாரும்மா. தண்ணியப் பாக்குறாருன்னு நெனச்சோம். கூப்பிட்டோம். எந்திரிக்கல."

பின்னால் பலர் பேசும் சத்தமும், கூடைக்குள் அடைபட்ட கோழிகளின் சத்தமும் கேட்டன.

அண்ணன் அந்தோணிதாஸுக்கு வயது ஐம்பத்து மூன்று. கோலா சிலாங்கூருக்கு வடக்கே, கடலோரச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகள் கணக்கு எழுதிய கிராணி. மணம் செய்துகொள்ளவில்லை. பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில் கடல் அந்த நிலத்தைவிட உயரத்தில் நிற்கும். நடுவே ஒரு மண்கரை மட்டும்தான். கரையில் மதகுகள் உண்டு. கடல் தள்ளும்போது அவை தாமாக மூடிக்கொள்ளும், கடல் இறங்கும்போது திறந்துகொள்ளும். மாலை வேளையில் கரைமேல் நடந்தால் ஒரு பக்கம் பனைகளின் உச்சியும் மறுபக்கம் தண்ணீரும் ஒரே மட்டத்தில் தெரிவதுபோல இருக்கும். எது தரை, எது கடல் என்று சற்று நேரம் புரியாது.

ஒவ்வொரு பிளாக்கின் வாய்க்காலிலும் சென்டிமீட்டர் கோடு போட்ட ஓர் அளவுக்குச்சி நிற்கும். வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் சுகுமாரன் காலையும் மாலையும் மோட்டார் சைக்கிளில் சுற்றி வந்து எண்களை அனுப்புவார். அண்ணன் அவற்றை எக்செல்லில் ஏற்றுவார். பிளாக்குக்கு ஒரு வரிசை, வேளைக்கு ஒரு பத்தி. கடைசி லயத்தின் பதினொரு வீடுகளும் ஒன்பதாம் பிளாக்கில், தோட்டத்திலேயே தாழ்ந்த இடத்தில் இருந்தன. அங்கிருப்பவர்களை மேட்டிலுள்ள மாதா கோயில் மண்டபத்துக்கு எப்போது ஏறச் சொல்வது என்ற பொறுப்பை யாரும் அவரிடம் கொடுக்கவில்லை. அவராக எடுத்துக்கொண்டார்.

கட்டங்களைத் தாமாக நிறம் மாற வைப்பதை அவருக்குக் கற்றுக்கொடுத்தது நான். முதலில் போட்ட விதி எளிமையானது: நூறைத் தாண்டினால் சிவப்பு. கடலோர வரிசைகள் மாதத்தில் பாதி நாள் சிவந்தே கிடந்தன. ஒரு வாரம் பார்த்துவிட்டு அழைத்தார்.

"எல்லாமே செவப்பா இருந்தா யாரும்மா பாப்பாங்க? எவ்வளவு இருக்குங்கறது வேணாம். முந்தின வேளையைவிட எவ்வளவு ஏறிச்சு, அதுக்குக் கலரு மாறுமா?"

மாறும் என்றேன். இடப்பக்கக் கட்டத்தைவிடப் பத்து கூடினால் சிவப்பு என்று விதியை மாற்றினோம். நிறத்தை அவரே தேர்ந்தெடுத்தார். கணினி தந்த சிவப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. "பயமுறுத்தக் கூடாது, எழுப்பி விடணும்" என்று நெடுநேரம் தேடி, சிராப் எனும் ரோஜா சர்பத்தின் சிவப்பைக் கண்டுபிடித்தார்.

மூன்று மாதம் கழித்து ஒரு மாலை, ஒன்பதாம் வரிசை சிவந்தது. பதினெட்டு சென்டிமீட்டர் ஏற்றம். அண்ணன் பதினொரு வீட்டாரையும் மண்டபத்துக்கு ஏற்றினார். அரிசி, துணிமணி, கோழிக்கூடை எல்லாம் ஏறின. தண்ணீர் வரவில்லை. வாய்க்கால் தோண்டிய இயந்திரம் குச்சியைச் சாய்த்திருக்கிறது. தோண்டியவர்கள் நல்லெண்ணத்தோடு அதை நிமிர்த்தி, இனி சாயக் கூடாதென்று ஒரு சாண் ஆழமாக அடித்து நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். தண்ணீர் ஏறவில்லை, குச்சிதான் இறங்கியிருந்தது.

அதன் பிறகு வள்ளியம்மா ஆபீஸைக் கடக்கும்போதெல்லாம் ஜன்னலில் எட்டிப் பார்ப்பார்.

"கிராணியாரே, இன்னிக்கு என்னா கலரு? ஒல வைக்கவா, மூட்ட கட்டவா?"

"ஒல வை, வள்ளி."

"மாதா கூப்பிட்டா மேட்டுக்கு ஏறுவேன். ஒங்க கம்ப்யூட்டரு கூப்பிட்டா ஏற மாட்டேன் லா."

அண்ணனும் சிரிப்பார். ஆனால் அந்த வார ஞாயிற்றுக்கிழமை செரண்டாவுக்கு வந்தவர், பூசைக்குப் போட்ட சட்டையைக்கூட மாற்றாமல் என் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்தார். உண்மையாகவே தண்ணீர் வரும் நாளில் அவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள் என்ற எண்ணம் அவரைத் தின்றுகொண்டிருந்தது.

"பக்கத்து பிளாக்கும் ஏறியிருந்தா செவப்பு. தனியா ஒண்ணு மட்டும் ஏறியிருந்தா வேற கலரு வேணும்."

"அந்தக் கலருக்கு என்ன அர்த்தம்ண்ணே?"

"போய்ப் பாருன்னு அர்த்தம்."

பழுத்த பப்பாளியின் மஞ்சளை அதற்கு எடுத்தார். மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் பார்த்து முடிவு செய்யும் விதி. முடித்ததும் ஒன்பதாம் வரிசையில் பொய்யான எண் ஒன்றைப் போட்டுப் பார்த்தார். மஞ்சள். எட்டிலும் போட்டார். இரண்டும் சிவந்தன. அழித்தார். வெள்ளை. திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தார். கட்டங்கள் மாறி மாறி ஒளிர, அவர் மூக்குக் கண்ணாடியில் அந்த நிறங்கள் வந்து வந்து போயின. சோறு ஆறியது.

கடந்த பதினான்கு மாதங்களில் ஏழு முறை மஞ்சள் வந்தது. ஏழு முறையும் போய்ப் பார்த்தார். நண்டு வலை சிக்கிய குச்சி, தவறாகப் படித்த எண், ஒருமுறை குச்சியில் சுற்றிக்கொண்டிருந்த பாம்பு.

எனக்குச் செய்தி வந்த அந்த வெள்ளிக்கிழமை பௌர்ணமி. மாலை ஐந்தரைக்கு ஒன்பதாம் வரிசை 104இலிருந்து 121க்குப் போய் மஞ்சளானது. எட்டும் பத்தும் அசையவில்லை. அண்ணன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். மதகின் கதவில் ஒரு பனந்துண்டு சிக்கி, கதவு மூட முடியாமல் நின்றது. மிச்சத்தை அடக்கத்தன்று வள்ளியம்மா சொன்னார். அண்ணன் அங்கிருந்து நேராக லயத்துக்கு வந்து நின்றாராம்.

"வள்ளி, குச்சி சரியாத்தான் நிக்குது. மதகுல கட்ட மாட்டிக்கிச்சு. கடலு உள்ள வருது. ஏறுங்க."

"போன தடவையும் இதேதான் சொன்னீங்க, கிராணியாரே."

"போன தடவ ஆபீஸ்ல ஒக்காந்துகிட்டு சொன்னேன். இப்ப என் காலு நனைஞ்சிருக்கு."

"அந்தப் பேச்சுக்குத்தாம்மா எந்திரிச்சேன்" என்றார் வள்ளியம்மா. அவர் எழுந்ததும் பதினொரு வீடும் எழுந்தது. ஆறரைக்கு அடுப்படிகளில் முழங்கால் அளவு தண்ணீர். எல்லாரும் ஏறிவிட்டதை, மறுபடி மதகுக்குப் போயிருந்த அண்ணனிடம் சொல்லத்தான் வள்ளியம்மா இரண்டு பேரோடு கரைக்கு வந்திருக்கிறார். இதயம் நின்றுபோனதாக மருத்துவர் பிறகு சொன்னார்.

ரயிலில் வள்ளியம்மாவின் குரல் நின்றபின் என்ன செய்வதென்று தெரியாமல் தொலைபேசியில் அந்த எக்செல் கோப்பைத்தான் திறந்தேன். அது எங்கள் மூவருக்கும் பொது: அண்ணன், சுகுமாரன், நான். ஒன்பதாம் வரிசை மஞ்சளாக இருந்தது. பார்த்துக்கொண்டிருந்தபோதே கீழ் வரிசைகளில் எண்கள் ஒவ்வொன்றாக மாறின. கடைசி வரிசை வரை போய், பிறகு எட்டுக்கும் பத்துக்கும் வந்தன. எல்லாவற்றையும் மறுபடி அளக்கச் சொல்லி அண்ணன் சுகுமாரனை அனுப்பியிருந்தார். இருட்டும் தோட்டத்தின் மறுகோடியில் நின்று அவர் எண்களைத் தட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது. எட்டு சிவந்தது. அந்த நொடியே, யாரும் தொடாமல், ஒன்பதும் மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறியது. செரண்டாவில் கதவுகள் திறந்து மூடின. நான் இறங்கவில்லை.

அந்த மாதம்தான் தோட்டத்தில் பதினேழாம் பிளாக்குக்குப் புதிதாகக் குச்சி நட்டிருந்தார்கள். விதியை அந்த வரிசைக்கும் எப்படி நீட்டுவது என்று புதன்கிழமை அண்ணன் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், சேர்ந்து செய்வோம் என்றேன். வெள்ளிக்கிழமை மாலை அந்த வரிசையில் எண் 96இலிருந்து 118க்கு ஏறியிருக்கிறது. கட்டம் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது.