ஐந்நூறு என்று சொன்ன வாய்

ஆந்திரா பக்கத்து நகரியில் ஜெகநாதனுக்கு எட்டுப் பவர்லூம் தறி, ஒரு மாடி வீடு, ஒரு வாய். இந்த மூன்றில் எது பெரிசு என்று கேட்டால் ஊரே யோசிக்காமல் மூன்றாவதைத்தான் சொல்லும்.

காலையில் தறிகளை ஓடவிட்டு டீக்கடைக்கு வந்தாரென்றால் முதல் வாய் டீ உள்ளே போவதற்குள் ஆரம்பித்துவிடுவார்.

"பென்ஷன் குடுக்கிறான், அரிசி குடுக்கிறான், பொம்பளைங்களுக்கு பஸ்சு ஓசி. இதுக்குப் பேருதான் சோஷலிசம். ஓடி ஓடி ஒழைக்கிறவன்கிட்ட புடுங்கி, குந்திக்கினு துன்றவனுக்குக் குடுக்கிறது. நாடு திவாலாவப் போவுது, எழுதி வச்சிக்கோங்க."

எதிர் பெஞ்சில் பழனி இருப்பார். தறித் தொழிலாளர் சங்கத்தில் முப்பது வருஷம் செங்கொடி பிடித்த ஆள். அவருக்கு இதைக் கேட்டால் டீ இறங்காது.

"யோவ், சோஷலிசம்னா உன் எட்டுத் தறியும் அதை ஓட்டறவனுக்குச் சொந்தம். அது வந்திருந்தா நீ இங்க காலாட்டிக்கினு டீ குடிக்க மாட்டே. இது பசிக்குப் போடற சோறுய்யா. இதுக்குப் போய் அவ்ளோ பெரிய பேரு வைக்கிறியே!"

பத்து வருஷமாக இதே பேச்சு. கடைக்காரனுக்கு ரெண்டு பேர் வசனமும் மனப்பாடம்.

ஜெகநாதன் கெட்ட மனுஷன் என்று சொல்லிவிட முடியாது. அப்பாவுக்கு இருந்தது ரெண்டே ரெண்டு கைத்தறி. பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு தறிக்குழியில் இறங்கி நெய்தவர். தனக்கு எவனும் எதுவும் தரவில்லை என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. பவர்லூம் வாங்கியது அரசாங்க மானியத்தில், ஷெட்டுக்குக் கரண்ட் பில்லில் சலுகை. அதையெல்லாம் அவர் சோஷலிசத்தில் சேர்க்கவில்லை. தன் சாமர்த்தியத்தில் சேர்த்துக்கொண்டார்.

அவர் ஷெட்டில் தார் சுற்றுகிறவள் வெங்கடம்மா. தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்கிற நாடாவுக்குள்ளே இருக்கிற சின்னக் கட்டைக்குத் தார் என்று பேர். அதற்கு நூல் சுற்றிச் சுற்றிக் கொடுப்பதுதான் வேலை. இருபத்தாறு வருஷமாக அதே ஷெட், அதே மூலை. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. புருஷன் போய்ச் சேர்ந்து பதினைந்து வருஷம், ஒரே மகள் ரேணிகுண்டாவில் வாழ்க்கைப்பட்டு அவள் பாட்டை அவள் பார்க்கிறாள். கூலி நாளைக்கு இருநூற்றிருபது. தறி ஓடினால்தான் அதுவும். நூல் விலை ஏறிவிட்டால் ஜெகநாதன் தறிகளை நிறுத்திவிடுவார், வாரக் கணக்கில் கூலி கிடையாது. அந்த வாரங்களில் அவள் வாடகையும் சுகர் மாத்திரையும் விதவைப் பென்ஷனில்தான் நடந்தது.

ஒன்றாம் தேதி என்றால் அவளுக்குத் திருநாள். பொழுது விடியும்போதே எழுந்து வலது கட்டைவிரலைப் புளி போட்டுத் தேய்ப்பாள். நூலும் கஞ்சியும் பட்டுப் பட்டு ரேகை தேய்ந்துபோன விரல், மிஷினில் பதியாது. தேய்த்துக் கழுவி, தலை சீவி, வாசலில் நிற்பாள். வார்டு சச்சிவாலயம் என்கிற சர்க்கார் ஆபீஸ் பெண் கீர்த்தி தெருத் தெருவாக, வாசல் வாசலாக வந்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, ரேகை வாங்கிக்கொண்டு, பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு ஒரு கும்பிடும் போட்டுவிட்டுப் போவாள்.

அந்தக் கீர்த்தி ஒருநாள் ஷெட்டுக்கே வந்தாள். தகுதி இல்லாதவர்கள் பென்ஷன் வாங்குகிறார்களா என்று ஊர் முழுக்க விசாரணை. வருமானம் மாதம் பன்னிரண்டாயிரத்துக்கு மேலே போனால் பென்ஷன் கிடையாது. வேலை செய்கிற இடத்தில் முதலாளியைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

வந்த நேரம் எக்குத்தப்பான நேரம். சித்தூரிலிருந்து பெரிய ஜவுளி வியாபாரி ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். ஜெகநாதன் அவருக்கு இளநீர் வாங்கிக் கொடுத்து, தன் தறியைப் பற்றியும் தன் ஆட்களைப் பற்றியும் ஒரு மணி நேரமாக அளந்துகொண்டிருந்தார். வாய் சூடேறிக் கிடந்த நேரம்.

கீர்த்தி தெலுங்கில் கேட்டாள். "வெங்கடம்மாகி ரோஜுகி எந்த இஸ்தாரண்டி?"

நாளைக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று ஒரு சின்னக் கேள்வி. இருநூற்றிருபது என்று சொல்ல வேண்டியதுதானே? வியாபாரி நிமிர்ந்து பார்த்தார். ஜெகநாதனுக்கு அந்த இருநூற்றிருபது தொண்டையில் நின்றுவிட்டது.

"ஐந்நூறும்மா" என்றார். "எழுதிக்கோ. எங்க ஷெட்டுல இருக்கிறவங்களுக்கு சர்க்கார் சோறு தேவையில்ல. நான் இருக்கிறேன். அந்த சோஷலிசமெல்லாம் நாதியத்தவங்களுக்கு."

மூலையில் தார் சுற்றுகிற சத்தம் ஒரு நிமிஷம் நின்றது. வெங்கடம்மா திரும்பிப் பார்த்தாள். அப்புறம் மறுபடி சுற்ற ஆரம்பித்தாள். கீர்த்தி தாளை நீட்டினாள், ஜெகநாதன் இங்கிலீஷில் நீட்டி நெளித்துக் கையெழுத்துப் போட்டார். வியாபாரி தலையை ஆட்டி மெச்சிக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்ட வெங்கடம்மா வழக்கம்போலப் போகாமல் கதவருகே நின்றாள். "இன்னாக்கா, அட்வான்ஸ் கிட்வான்ஸ்னு கேக்காத, கையில பைசா இல்ல" என்று முன்னெச்சரிக்கையாகச் சொல்லிவிட்டார் ஜெகநாதன். "ஒண்ணுமில்ல நைனா" என்று போய்விட்டாள். அதை அவர் அப்போதே மறந்தும் போனார்.

அடுத்த ஒன்றாம் தேதி கீர்த்தி அந்தத் தெருவுக்கு வந்தாள். வெங்கடம்மா விரலைத் தேய்த்து வைத்துக்கொண்டு நின்றாள். கீர்த்தி பக்கத்து வீட்டில் பேர் கூப்பிட்டாள், எதிர்வீட்டில் பேர் கூப்பிட்டாள், இவள் வாசலில் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, "உங்க பேரு லிஸ்ட்ல வரலம்மா" என்று சொல்லிவிட்டுக் கடந்து போனாள்.

சேதி ஜெகநாதனுக்கு அவர் மனைவி தாட்சாயணி வழியாக வந்தது. இட்லித் தட்டை அவர் முன்னால் வைத்த வைப்பிலேயே ஏதோ இருந்தது.

"ஐந்நூறு யாருக்குக் குடுக்கிறீங்க?"

ஜெகநாதன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இருபத்தாறு வருஷமா நம்ம வூட்டுக்கு ஒழைச்சவ வயித்துல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே! எவனோ வியாபாரி முன்னாடி ஜம்பம் அடிக்கிறதுக்கு அந்தப் பொம்பளைதான் கெடைச்சாளா?" தாட்சாயணி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இட்லி அப்படியே இருந்தது.

சச்சிவாலயத்துக்கு ஓடினார். ஓடியவர் உண்மையைச் சொன்னாரா? அதுதான் இல்லை. "ஏதோ தப்பா எழுதிக்கினு போயிட்டம்மா நீ" என்று அந்தப் பெண் தலையிலேயே கட்டப் பார்த்தார். கீர்த்தி சண்டை போடவில்லை. தாளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஐந்நூறு என்ற எண்ணுக்குக் கீழே அவருடைய நீட்டி நெளித்த கையெழுத்து.

"இங்க முடிஞ்சு போச்சு சார். திங்கக்கிழமை சித்தூர் கலெக்டர் ஆபீஸ்ல அர்ஜி, மனு வாங்குவாங்க. முன்னாடி சொன்னது தப்புன்னு நீங்களே நேர்ல வந்து சொன்னாத்தான் ஆவும்."

நேரில் வந்து. நாலு பேர் முன்னால். காது வரைக்கும் சூடேறியது ஜெகநாதனுக்கு. வருகிற திங்கள் பார்க்கலாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டார். அந்தத் திங்களும் போனது, அதற்கடுத்த மூன்று திங்களும் போனது.

டீக்கடையில் பழனிக்கு விஷயம் தெரியாமல் இருக்குமா? வழக்கமாகக் கத்துகிற மனுஷன் அன்றைக்குக் குரலைத் தாழ்த்திப் பேசினார். அதுதான் இன்னும் வலித்தது.

"நீ பாதிக் கூலி குடுக்கிறே, மீதிக் கூலியை சர்க்கார் குடுக்குது. தறியை நிறுத்தினா அவ வேற ஷெட்டுக்கு ஓடாம உனக்காகக் காத்துக்கினு கெடந்தாளே, யார் போட்ட சோத்துல? அந்தப் பென்ஷன் அவளுக்கு மட்டும் இல்லய்யா, உனக்கும்தான் வந்துக்கினு இருந்துச்சு. இத்தினி வருஷமா அதைத்தான் நீ திட்டிக்கினு இருந்தே."

எப்போதும் ஒன்பது பதில் வைத்திருப்பவர் ஜெகநாதன். அன்றைக்கு டீ காசை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். வழியெல்லாம் உடம்பு கூசியது. ஷெட்டில் அவள் மூலைப் பக்கம் பார்க்காமலே நாட்களைத் தள்ளினார். பார்த்தால் அவள் ஏதாவது கேட்பாள் என்று பயம். அவளோ ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார் மனுஷன். மறுபடி ஒன்றாம் தேதி வந்தது. கீர்த்தி தெருவுக்குள் வருவதற்கு முன்னாடியே ஒரு கவரில் பென்ஷன் தொகை நாலாயிரத்தைப் போட்டுக்கொண்டு வெங்கடம்மா வீட்டு வாசலில் போய் நின்றார். அவள் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்தாக்கா. மாசா மாசம் நானே குடுத்துடறேன். அவங்க குடுத்தா இன்னா, நான் குடுத்தா இன்னா."

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். ஆனால் நீட்டவில்லை.

"வேணாம் நைனா."

"ஏங்க்கா? அதே காசுதானே."

"அது எப்படி அதே காசு ஆவும்? அவங்க குடுத்தா எம்பேரு பேப்பர்ல இருக்குது. எம்பேரைச் சொல்லிக் கூப்புட்டு, ரேகை வாங்கிக்கினு, கும்புட்டுக் குடுக்கிறாங்க. வாங்கினதுக்கு நான் யாருக்கும் பல்லைக் காட்ட வேணாம். உங்கிட்ட வாங்கினா நாளைக்கு உன்கிட்ட ஒரு லீவு கேக்கக்கூட எனக்கு வாய் வராது. இன்னொரு நாளு டீக்கடைல குந்திக்கினு, வெங்கடம்மாவுக்கு நான்தான் சோறு போடறேன்னு சொல்லுவே. சொல்லுவியா மாட்டியா?"

சொல்லுவார். அவருக்கே தெரியும், நிச்சயம் சொல்லுவார். கவரைச் சட்டைப்பையில் திரும்ப வைத்துக்கொண்டார்.

"திங்கக்கிழமை சித்தூர் போலாம்க்கா" என்றார். நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

திங்கட்கிழமை போனார்கள். கலெக்டர் ஆபீஸில் நீளமான வரிசை. ஜெகநாதன் துவைத்த வெள்ளை வேட்டி கட்டிப் போயிருந்தார். வரிசையில் அவர்களுக்குப் பின்னால் நகரிக்காரர்களே நாலைந்து பேர், அதில் ரெண்டு பேர் தறிக்காரர்கள். "இன்னா மொதலாளி, நீங்க எங்க இங்க?" என்று கேட்டார்கள். அவர் சிரித்து மழுப்பினார்.

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அதிகாரி அர்ஜியைப் படித்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"முன்னாடி ஐந்நூறுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இப்ப இருநூத்தி இருபதுன்னு எழுதியிருக்கீங்க. எது நிஜம்?"

ஜெகநாதன் வாயைத் திறந்தார். ஊரெல்லாம் அதிர அதிரப் பேசிய வாய், காற்றுகூட வரவில்லை. பின்னால் தறிக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

அப்போது வெங்கடம்மா முன்னால் வந்தாள். "அவருமேல தப்பு இல்ல சார். நான்தான் கூலியை ஏத்திச் சொல்லுங்கன்னு சொன்னேன். வேற ஒரு லோனுக்காக. எனக்கு வெவரம் தெரியாம போச்சு."

அட கடவுளே! பறிகொடுத்தவள் அவள், அவர் மானத்தைக் காப்பாற்றுவதற்குத் தன் தலையில் பொய்யைச் சுமக்கிறாளே! ஜெகநாதனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அதிகாரி முகம் மாறுவதைப் பார்த்தார். இன்னும் ஒரு நிமிஷம் சும்மா நின்றால் அவள் பேரில் மோசடி என்று எழுதிவிடுவார்கள்.

"இல்ல சார்" என்றார்.  "அவ சொல்றது பொய்யி. நான்தான் பொய் சொன்னேன். பெருமைக்கு. குடுக்கிறது இருநூத்தி இருபதுதான். தறி நின்னா அதுவும் இல்ல."

வரிசையில் யாரோ "ச்" கொட்டினார்கள். அதிகாரி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். "சரி, மறுபடி விசாரிச்சுட்டு அடுத்த மாசம் சேத்துடுவாங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்தவர் என்று கூப்பிட்டார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவளுக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. கண்டக்டர் அவள் ஆதார் கார்டைப் பார்த்து ஓசி டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். ஜெகநாதன் தன் டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தார்.

"இதையும் சோஷலிசம்னுவியா நைனா?" என்று டிக்கெட்டை அவர் முகத்துக்கு நேரே காட்டிச் சிரித்தாள். அவரும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

புத்தூர் தாண்டியது. வெளியே பார்த்துக்கொண்டிருந்தவள், கோபமே இல்லாமல், ஏதோ பக்கத்து வீட்டுக் கதை சொல்வதுபோலச் சொன்னாள்.

"அன்னிக்கு நீ அந்த வியாபாரி முன்னாடி ஐந்நூறுன்னு சொன்னே பாரு. எனக்கு பென்ஷன் போவும்னு தோணவே இல்ல நைனா. கூலிய ஏத்திட்டேன்னு நெனைச்சுக்கினேன். நாலு பேரு முன்னாடி சொல்றாரே, பொய்யா இருக்காதுன்னு நெனைச்சேன். சனிக்கிழமை கூலியை ரெண்டு வாட்டி எண்ணிப் பாத்தேன். அதான் கதவுகிட்ட நின்னேன்."

ஜெகநாதன் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நகரி வந்து சேரும்வரை அவர் தலையைத் தூக்கவே இல்லை.