குழாயில் நிரப்பிய மண்

எங்கள் மண் பரிசோதனைக் கூடத்தில் அவருக்குப் பெயர் சல்லடை. சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. வயலிலிருந்து வரும் மண்ணை உலர்த்தி, கட்டியை உடைத்து, வேரையும் கல்லையும் பொறுக்கி எறிந்து மாவு போலச் சலிப்பார். அதை ஆள் உயரக் கண்ணாடிக் குழாயில் நிரப்பி, மேலே உரம் கரைத்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கீழே எப்போது வருகிறது என்று காத்திருப்பார். இருபத்திரண்டு வருடம் இதே வேலை. நான் அங்கே குடுவை கழுவுகிறவள்.

"அண்ணா, இவ்வளவு நைசா சலிக்கிறீங்களே, மண்ணுக்கு என்ன கல்யாணமா?" என்று கேட்பேன்.

"கட்டியும் முட்டியுமா போட்டா கணக்கு எப்படிம்மா வரும்?" என்பார்.

அந்தக் கணக்கின் மேல் அவருக்கு அப்படியொரு நம்பிக்கை. உரத்தின் நைட்ரேட் உப்பு மண்ணுக்குள் வருடத்துக்கு அரை மீட்டர்தான் இறங்கும் என்று குழாய் சொன்னது. அவருடைய தங்கை அப்போதுதான் வயல்களுக்கு நடுவே வீடு கட்டிக் குடிபோயிருந்தாள். புதுக் கிணறு. கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து வயிற்றில் பிள்ளை. சுற்றிலும் மூட்டை மூட்டையாக யூரியா போடுகிறார்களே, தண்ணீர் குடிக்கலாமா என்று அண்ணனைக் கேட்டாள்.

"தண்ணி எட்டு மீட்டர் ஆழத்துல இருக்கு. உப்பு அங்க போய்ச் சேர பதினாறு வருஷம் ஆகும். அதுக்குள்ள உன் பிள்ள பத்தாவதே முடிச்சிடும், போ" என்றாராம். இதை எங்களிடம் பெருமையாக வேறு சொன்னார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பெண் குழந்தை பிறந்தது. தாய்ப்பால் போதவில்லை. கிணற்றுத் தண்ணீரில் பால் மாவைக் கரைத்துப் புட்டியில் கொடுத்தார்கள். இரண்டாம் மாதம் உதடு நீலம் பாரித்தது. இதயத்தில் கோளாறு இருக்கலாம் என்று டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள்.

அந்த வாரம்தான் எங்களுக்குப் புது அதிகாரி வந்தாள். "குழாயில நடக்கிறதுதான் வயல்லயும் நடக்குதான்னு ஒரு தடவ பாத்துடலாமே" என்றாள். வயலில் நீலச் சாயம் கரைத்த தண்ணீரை ஊற்றி, மறுநாள் அங்கேயே இரண்டு மீட்டருக்குக் குழி வெட்டினோம். வாளி தூக்க நானும் போயிருந்தேன்.

குழாய்க் கணக்குப்படி, அவ்வளவு தண்ணீர் ஊற்றியும் சாயம் மேலே நாலு விரல் அளவுக்குத்தான் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் களிமண் வெடிப்பு வழியாக, மக்கிப்போன வேர் விட்ட துளை வழியாக, மண்புழு ஓட்டை வழியாக நீலக் கோடுகள் குழியின் அடிவரை ஓடியிருந்தன. ஒரே நாளில்.

சல்லடை அண்ணன் ஒரு புழு ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். "இதையெல்லாம்தானே நான் உடைச்சு சலிச்சுட்டு இருந்தேன்" என்றார். பிறகு அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. குடிக்கிற தண்ணீரில் உரத்தின் உப்பு அதிகமானால் கைக்குழந்தையின் உடம்பு நீலம் பாரிக்கும், உயிருக்கே ஆபத்து என்ற எச்சரிக்கை எங்கள் கூடத்துச் சுவரிலேயே ஒட்டியிருந்தது. மண் கையோடு போன் போட்டார். தங்கை கணவர்தான் எடுத்தார்.

"மச்சான், உங்களுக்குத்தான் பண்ண இருந்தேன். பாப்பா போயிடுச்சு."

மூன்றாம் நாள் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தோம். இருக்கலாம் என்று அனுமதித்த அளவைப்போல மூன்று மடங்கு உப்பு. தங்கையிடம் சொல்லத் தனியாகப் போகத் தைரியமில்லை என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

அவள் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. குழாய், வெடிப்பு, கிணறு எல்லாவற்றையும் சொன்னார். "நான் சொன்ன கணக்கு தப்பும்மா. பாப்பா போனதுக்கு நான்தான் காரணம்."

அவள் திட்டியிருந்தால் தேவலை. "அண்ணா, பச்சத் தண்ணிய நான் ஒரு நாளும் கொடுக்கல. நல்லா கொதிக்க வச்சு, பாதியா சுண்டினப்புறம்தான் பால் கலக்குவேன். அதுவாவது கொஞ்சம் நல்லது பண்ணியிருக்கும்ல?" என்று கேட்டாள்.

கொதித்தால் கிருமி சாகும். உப்பு எங்கும் போகாது. தண்ணீர் பாதியானால் உப்பு இரட்டிப்பாகும். குடுவை கழுவுகிற எனக்கே அது தெரியும். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

"ஆமாம்மா" என்றார் அவர். "நீ கொதிக்க வச்சதாலதான் இத்தனை நாளாவது இருந்துச்சு."