அவர் சொல்ல மறுத்த ஆமென்

எங்கள் வீட்டில் ராத்திரி எட்டு மணி என்றால் எட்டு மணிதான். குடும்ப ஜெபம். பெங்களூரு காக்ஸ் டவுன் வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரத்திலேயே என் வீட்டுக்காரர் போட்ட சட்டம் அது. டிவியில் கிரிக்கெட் கடைசி ஓவர் ஓடினாலும் சரி, என் அண்ணன் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருந்தாலும் சரி, மனுஷர் எழுந்துபோய் டிவியை அணைத்துவிடுவார். ஒருமுறை காஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆள் சரியாக அந்த நேரத்தில் வந்து மாட்டிக்கொண்டான். நாங்கள் முழங்காலில் நிற்பதைப் பார்த்துவிட்டு, பாவம், சிலிண்டரை வாசலிலேயே இறக்கிவைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். முடிந்ததும் "ஆய்த்தா மேடம்?" என்று கன்னடத்தில் கேட்டான், முடிந்ததா என்று. அதை வைத்தே ஒரு மாதம் சிரித்தோம்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் சாப்பிடும்போது, ஏதோ பெரிய ரகசியம் மாதிரி சொன்னார்: "இந்தா பாரு டீச்சரம்மா, எனக்கு ஆண்டவர் ஃபர்ஸ்ட்டு. நீ செகண்டு. அதுக்கப்புறம்தான் மத்தது எல்லாம்." புதுப் பெண்டாட்டியிடம் பேசுகிற பேச்சா இது? நான் பிரைமரி ஸ்கூல் டீச்சர். "ரேங்க் போடுறது என் வேலைங்க. எனக்கே ரேங்க் போடுறீங்களா?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அதுவே எங்களுக்குள் விளையாட்டாகிவிட்டது. அவர் காபி ஆறிப்போயிருந்தால், "செகண்ட் ரேங்க்கு போடுற காபி இப்படித்தான் இருக்கும்" என்பேன்.

எட்டு மணிக்கு அவர் பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் வாசிப்பார். இரண்டு பேரும் ஒரு பாட்டுப் பாடுவோம். அப்புறம் ஜெபம் என் வேலை, ஆமென் அவர் வேலை. கோயில் பாடகர் குழுவில் கட்டைக் குரல் அவருடையது. அவர் ஆமென் சொன்னால் சமையலறையில் தம்ளர் அதிரும் என்று கேலி செய்வேன். ஒரே மகள் கல்யாணமாகி ஊருக்கு வெளியே ஹெப்பகோடிக்குப் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். ஜெபிக்க ஒரு ஆள், ஆமென் சொல்ல ஒரு ஆள். அது போதுமானதாகத்தான் இருந்தது.

போன வருஷம் மழைக்காலத்தில் வயிறு வலிக்கிறது என்றார். கேஸ் என்று நினைத்து நான் சீரகத் தண்ணீர் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஸ்கேனில் பார்த்தால் கணையத்தில் புற்றுநோய், ஈரல் வரைக்கும் போயிருந்தது. கொஞ்ச நாள் கீமோ கொடுத்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டுக்கு அழைத்துப் போங்கள், வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஆட்டோவில் வரும்போது அவரே கேட்டார், "கைய விரிச்சுட்டாங்களா?" நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அன்று எட்டு மணிக்கு நான் ஜெபித்தது ஜெபமே இல்லை. தொடும், குணமாக்கும், இந்த மனுஷனை எழுப்பி நிறுத்தும், நீர் செய்துதான் ஆக வேண்டும் என்று ஒரே கத்தல். எத்தனை ஆஸ்பத்திரிக் கட்டில்களின் பக்கத்தில் நின்று "உமது சித்தப்படி ஆகட்டும்" என்று வாய் கூசாமல் ஜெபித்தவள் நான்! ஊரான் வீட்டுப் புருஷன்களுக்குச் சுலபமாக வந்த வார்த்தை என் புருஷனுக்கு வரவில்லை. சித்தம் என்ற சொல்லையே நான் பக்கத்தில் அண்டவிடவில்லை.

முடித்துவிட்டுக் காத்திருந்தேன். சத்தம் இல்லை. கண்ணைத் திறந்தால், தலையணையில் சாய்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ஆமென் சொல்லலையே?"

"தண்ணி குடு மா" என்றார்.

மறுநாளும் சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பாட்டில் சேர்ந்துகொள்வார். நான் சங்கீதம் வாசித்தால் உதடு கூடவே அசையும். என் ஜெபத்துக்கு மட்டும் வாயில் பூட்டு.

அடுத்த தெருவில் எங்கள் சபையைச் சேர்ந்த அக்கா ஒருவர் இருக்கிறார். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்தார். அவரும் கட்டிலருகே நின்று சுகத்துக்காக ஜெபித்தார். அதற்கும் இவர் ஆமென் சொல்லவில்லை. "தம்பி, விசுவாசத்தோட ஆமென் சொல்லுங்க. நாமளே தடையா இருக்கக் கூடாது" என்றார் அக்கா. இவர் சிரித்துக்கொண்டே, "படிச்சுப் பார்க்காம கையெழுத்து போடக் கூடாதுக்கா" என்றார். அக்காவின் முகம் சுருங்கிப்போனது.

அக்காவை கேட் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். எனக்கு வந்ததே கோபம். "உங்களுக்கு வாழணும்னு ஆசையே இல்லையா? ஒருத்தி தொண்டை கிழியக் கத்திட்டிருக்கேன். ஒரு ஆமென். அது கூடவா வாயில வரல?"

முழுதாகக் கத்தி முடிக்கவிட்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "நீ ஜெபம் பண்ணல டீச்சரம்மா. ஆண்டவரை மிரட்டிட்டிருக்க."

"மிரட்டத்தான் செய்வேன். வேற யாரைப் போய் மிரட்டுறது நான்?"

"என்னை ஃபர்ஸ்ட்டு ஆக்கிட்ட நீ. இத்தனை வருஷமா பார்த்துப் பார்த்து வெச்ச வரிசை, மாத்திட்ட. என்னைத் திரும்ப செகண்டுல வெய்யி. வலிக்குது மா. என்னை எடுத்துக்கச் சொல்லிக் கேளு. அதுக்கு ஆமென் சொல்றேன்."

"நீங்களே கேட்டுக்கோங்க."

"நான் எப்பவோ கேட்டுட்டேன். நீ இழுத்துப் பிடிச்சிட்டிருக்கிற வரைக்கும் எனக்குப் போக மனசு வர மாட்டேங்குது."

சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். என்ன மனுஷன்! சாகிறதுக்குப் பெண்டாட்டியிடம் அனுமதி கேட்கிறவனை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? விசுவாசம் என்றால் விடாமல் பிடித்துக்கொள்வது என்றுதான் ஞாயிறு பள்ளியிலிருந்து எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். விட்டுக்கொடுப்பதும் அதுதான் என்று இவர் படுத்துக்கொண்டே சொன்னால் நான் கேட்டுவிடுவேனா? கேட்கவில்லை. அதே ஜெபத்தைத்தான் செய்துகொண்டிருந்தேன், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி. அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. எட்டு மணி வரும், நான் முடிப்பேன், அறை சும்மா இருக்கும்.

வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு காலையில், ஈரத் துண்டால் அவர் முதுகைத் துடைப்பதற்காகத் திருப்பினேன். வலி மாத்திரை வேலை செய்யவில்லை. ஊசி போட வரும் நர்ஸ் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டிருந்தாள். எனக்குக் கேட்கக் கூடாது என்று தலையணை உறையைக் கடித்துக்கொண்டிருந்தார். அதையும் மீறி ஒரு சத்தம் வந்தது. கண் திறக்காத பூனைக்குட்டி போடுகிற சத்தம். கோயிலில் அத்தனை பேர் குரலுக்கும் அடியில் நின்று தாங்கிய குரல் அது. கடவுளே, அந்தச் சத்தத்தை நான் கேட்டிருக்கவே வேண்டாம்.

அன்று எட்டு மணிக்கு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சங்கீதம் வாசித்தேன். பாட்டு வரவில்லை. "ஆண்டவரே" என்று ஆரம்பித்து நின்றுவிட்டேன். கோயில் தமிழெல்லாம் எங்கேயோ போய்விட்டது. வாயில் வந்தது வீட்டுத் தமிழ்தான்.

"இவரு உங்க ஆளு. முதல்லருந்தே உங்க ஆளுதான். நான் ரெண்டாவதுதான், எனக்குத் தெரியும். இவருக்கு ரொம்ப வலிக்குது. நான் பிடிக்கல, விட்டுடறேன். கூட்டிட்டுப் போயிடுங்க. இயேசுவோட நாமத்துல கேக்குறேன்..."

முடிக்கிற சொல் வரவில்லை. அந்த ஒரு சொல்லை மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை.

"ஆமென்" என்றார் அவர்.

தம்ளர் எதுவும் அதிரவில்லை. ஆனால் அதே கட்டைக் குரல்தான், தெளிவாக, அவசரமில்லாமல். என் கையை இரண்டு தட்டுத் தட்டினார். "நல்ல ஜெபம் மா" என்றார். பிறகு தூங்கிவிட்டார்.

அந்த வாரம் முடிவதற்குள், ஒரு மத்தியானம், நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். மகள் ஹெப்பகோடியிலிருந்து வந்து சேரும் வரைக்கும் அந்தக் கஞ்சிக் கிண்ணம் என் மடியிலேயே இருந்திருக்கிறது. அவள்தான் வாங்கி வைத்தாள்.

கோயிலில் பார்க்கிறவர்கள், "உங்க விசுவாசம் பெருசு சிஸ்டர்" என்கிறார்கள். பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு. பெரிசும் இல்லை, சின்னதும் இல்லை. எட்டு மணி ஆனால் டிவியை அணைக்கிறேன், அவ்வளவுதான். முழங்கால் முன்னைப் போல மடங்குவதில்லை, நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறேன். சில நாள் அழுகிறேன். பல நாள் ஆண்டவரோடு சண்டை போடுகிறேன். முதலிடம் ஆண்டவருக்குத்தான், அதை நான் மாற்றவில்லை. இரண்டாவது இடத்தில்தான் ஆள் இல்லை.

ஜெபத்தை முடித்த பிறகு காது தன்னால் கட்டில் பக்கம் போகிறது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நானே ஆமென் சொல்லிக்கொள்கிறேன். மகளுக்காக, அவள் பிள்ளைக்காக, என் சர்க்கரைக்காக, எல்லாவற்றுக்கும் சொல்கிறேன். அன்றைக்குக் கேட்ட அந்த ஒரு ஜெபத்துக்கு என் வீட்டுக்காரர் ஆமென் சொன்னார். ஆண்டவரும் சொல்லிவிட்டார். நான் இன்னும் சொல்லவில்லை.