நான்காவது கோர் படித்த பழைய எண்

அலுவலகத்தில் அவளை உடைப்புக்காரி என்றுதான் சொல்வார்கள். புதிய பிராசஸரின் வரைவு தொழிற்சாலைக்குப் போகும் முன், அதை எப்படியாவது தப்புச் செய்ய வைத்துப் பிடிப்பது அவள் வேலை. பதினோரு வருடமாக அதைத்தான் செய்துவந்தாள்.

இந்தச் சிப் பேருந்துகளின் பிரேக்கை இயக்கப்போவது. தலைமை வடிவமைப்பாளர் நான்கு வருடம் வீடு வாசல் மறந்து உழைத்து உருவாக்கியது. கெட்டிக்காரர், முன்கோபி. ஒருமுறை கீபோர்டை ஒருவர் முகத்தில் வீசினார். ‘அவர் அப்படித்தான்’ என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

சிப்புக்குள் நான்கு கோர்கள், தனித்தனியே கணக்குப் போடும் நான்கு மூளைகள்போல. ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய எண்களைப் பக்கத்திலேயே பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். ஒரு கோர் எண்ணை மாற்றினால், பழைய பிரதியை அழிக்கும்படி மற்றவற்றுக்குத் தகவல் போகவேண்டும். இரண்டு கோர்கள் சிப்பின் ஒரே கடிகாரத் துடிப்பில் மாற்றியபோது அந்தத் தகவல் தொலைந்தது. அதை அவள் பிடித்துவிட்டாள்.

மறுநாள் காலை பதினோரு மணிக்குத் தலைமை வடிவமைப்பாளர் சோதனை அறைக்கு வந்து கதவைத் தாழிட்டார்.

“சிப் சரியா இருக்குன்னு கையெழுத்துப் போடு. இன்னைக்கு ஃபேக்டரிக்கு அனுப்பணும்.”

“முடியாது சார். நாலாவது கோர் பழைய எண்ணையே படிக்குது. பிரேக்கை மிதிச்சது அதுக்குத் தெரியாமப் போயிடும்.”

“எத்தனை தடவைக்கு ஒண்ணு?”

“கோடிக்கு ஒண்ணு. பஸ் ஒரு நாள் ஓடினாலே அந்தக் கோடி வந்துடும்.”

அவர் அவள் பிடரியைப் பிடித்து முகத்தை மேசையில் மோதினார். மூக்கெலும்பு நொறுங்கியது. இன்னொரு முறை மோதினார். சர்க்யூட் பலகை மேல் ரத்தம் கொட்டியது. வலது கையை முறுக்கி, பேனாவைத் திணித்து, விரல்களைப் பின்னால் வளைத்தார். இரண்டு விரல்கள் ஒடிந்தன. அவள் இடது கையால் துழாவி, சூடேறியிருந்த சால்டரிங் இரும்பை எடுத்து அவர் முழங்கையில் வைத்து அழுத்தினாள். சதை பொசுங்கியது. அலறிக்கொண்டே வயிற்றில் உதைத்தார். அவள் விழுந்த இடத்திலிருந்தே தீயணைப்பு உருளையை இழுத்து அவர் முட்டியில் இறக்கினாள். அவர் சுருண்டு விழுந்த பிறகும் இன்னொரு அடி அடித்தாள்.

சத்தம் கேட்டு வந்த லேப் டெக்னீஷியன் கதவுக் கண்ணாடியை உடைத்து உள்ளே வந்தார்.

ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த கணவர் தையல்காரர்; கழுத்தில் அளவெடுக்கும் டேப்போடு நின்றார். “அவன் வீடு எங்கன்னு மட்டும் சொல்லு.”

“உட்காருங்க. அவரு முட்டி தூள் தூளாப் போச்சு. நீங்க போய் அடிக்க என்ன மிச்சம் இருக்கு?”

மாலையில் மேலாளர் வந்தார். இருவரும் படியில் விழுந்ததாகச் சொல்லச் சொன்னார். டெக்னீஷியன் அதற்குள் போலீசில் வாக்குமூலம் கொடுத்திருந்தார். பின்னர் வழக்கில் தலைமை வடிவமைப்பாளருக்கு இரண்டு வருடம் சிறை.

சிப் ஏழு மாதம் தள்ளிப்போனது. எல்லாக் கோர்களும் ‘அழித்துவிட்டேன்’ என்று பதில் தரும்வரை, மாற்றிய கோர் காத்திருக்கும்படி திருத்தினார்கள். அவளும் வேலைக்குத் திரும்பினாள். வளைந்த விரல்களோடு தட்டச்சு மெதுவானது. அறைக் கதவை மட்டும் யாரையும் சாத்த விடமாட்டாள்.

ஒரு நாள் கணவரிடம் சொன்னாள்: “கடைசி அடி வேண்டியதே இல்லைங்க. அவரு எழுந்திருக்க முடியாமக் கிடந்தாரு. ஆனா அது எனக்கு இனிச்சுது.”

அவர் தையல் மெஷினிலிருந்து காலை எடுத்தார்.