'போறேன்' என்று சொல்லக் கூடாத வீட்டில் ஒரு கிரேக்க வினைச்சொல்

தொண்ணூறுகளின் நடுவில் நான் நாகர்கோவிலில் மெடிக்கல் ரெப். பகலில் டாக்டர்களிடம் இருமல் மருந்து, ராத்திரியில் அஞ்சல்வழியில் பைபிள் கிரேக்கம். 'எர்க்கொமாய்' என்ற வினைச்சொல் என்னைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த நேரம் அது. பெரும்பாலும் 'வருவது', சில இடங்களில் 'போவது'. யோவான் பதினான்காம் அதிகாரத்தில், சாவுக்கு முந்தின ராத்திரி, இயேசு சீடர்களிடம் 'போவேன், திரும்பி வருவேன்' என்று சொன்னதாக நம் தமிழ் பைபிளில் இருக்கிறது. கிரேக்கத்தில் 'வருவேன்' இல்லை, 'வருகிறேன்'. இன்னும் கிளம்பவே இல்லாதவர் எப்படி வந்துகொண்டிருக்க முடியும்? பார்ப்பவரிடமெல்லாம் இதையே கேட்டு, நண்பர்கள் என்னைக் கண்டால் தெரு மாறிப் போகும் நிலைக்கு வந்திருந்தேன்.

அந்த மே மாதம் கல்லூரி நண்பன் செல்லத்துரை போன் செய்தான். பாறசாலைப் பக்கம் வீடு. மனைவி லீலா நர்ஸ், சவூதிக்கு விசா வந்துவிட்டது, நாளை விமானம். இன்று சாயங்காலம் வழியனுப்பும் ஜெபம், நான் பேச வேண்டும். கேட்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் உடனே கிளம்பிவிட்டேன்.

நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளைக்கு பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். அங்கே நெய்யாற்றின்கரை போகும் கேரள பஸ்ஸில் மாறி ஏற வேண்டும். கடை போர்டு மலையாளத்துக்கு மாறும், ரப்பரும் மரச்சீனி என்கிற மரவள்ளியும் மாறாது. பாறசாலை தாண்டி உதியன்குளங்கரையில் இறங்கி, உள்ளே இரண்டு கிலோமீட்டர் ஆட்டோ. டிரைவர் என்னிடம் தமிழும் எதிரே வந்தவர்களிடம் மலையாளமுமாகப் பேசிக்கொண்டே வந்தார். வாசலில் இறக்கிவிட்டு, "செரி அண்ணே, வாறேன்" என்று வண்டியைத் திருப்பினார். அதை நான் காதில் வாங்கவே இல்லை.

லீலா என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"அண்ணே, விசா வந்ததில இருந்து அவிய எங்கிட்ட பேசேல்ல. நாளைக்கு இப்பிடியே நான் வீட்ட விட்டு எறங்கணுமா?"

செல்லத்துரையைப் பிடித்துக் கேட்டேன். "எனக்க அண்ணனும் ரெண்டு வருசம்னு சொல்லியாக்கும் கல்ஃபுக்குப் போனான்," என்றான். "போனவன் வந்தானா?"

பாட்டு முடிந்ததும் எழுந்தேன். கிரேக்கம் தலைக்கேறியிருந்தது. "அந்த ராத்திரி இயேசு என்ன சொன்னார்? நான் போறேன்!" என்று முழங்கினேன். பாயில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். செல்லத்துரை எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டான். லீலாவின் முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணே, ஆளு எறங்க நிக்க வீட்டில அந்த வாக்கு சொல்லப்பிடாது," என்றாள். "வாறேன்னாக்கும் சொல்லணும்."

வாறேன்! கிளம்புகிறவர் சொல்லும் சொல் அல்லவா அது? நாளெல்லாம் நானே சொல்லும் சொல். அந்த ஆட்டோக்காரர்கூட அதைத்தானே சொன்னார்! இயேசுவும் போகிறவராக நின்றுதான் 'எர்க்கொமாய்' என்றார். வருவது எப்போதோ அல்ல, படியிறங்கும்போதே தொடங்கிவிடுகிறது. விட்டுப் போகிறவராக அல்ல, வருகிறவராகவே அவர் போனார். முற்றத்துக்கும் கேட்கட்டும் என்று தொண்டை கட்டுகிற அளவுக்கு இதைச் சொன்னேன். செல்லத்துரை உள்ளே வரவில்லை.

காலையில் அம்பாசடர் வந்து நின்றது. லீலாவின் அப்பா பெட்டியை ஏற்றினார். செல்லத்துரை தென்னைமரத்தில் சாய்ந்து நின்றான்.

"வாறேன்," என்றாள் லீலா, அவனைப் பார்த்து.

இதற்கு வழக்கமான பதில் 'போயிட்டு வா' என்பது. அவனால் அந்தப் 'போ'வைச் சொல்ல முடியவில்லை.

"வா," என்றான்.

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பைபிளின் கடைசிப் பக்கமும் இப்படித்தான் முடிகிறது. இயேசு 'எர்க்கொமாய்' என்கிறார், சபை அதே வினைச்சொல்லை எடுத்து 'வாரும்' என்கிறது. பலமுறை படித்திருந்தும், அதைக் காதால் கேட்டது அன்றுதான்.

இந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு: பாசஞ்சர் ரயில் பாறசாலையில் நிற்கும், ஆனால் பஸ்ஸில் போனால்தான் பேச்சு கேட்கலாம். எந்த வீட்டிலும் மரச்சீனியும் மீன்கறியும் தராமல் விடமாட்டார்கள், வயிற்றில் இடம் வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது என்ன சொல்ல வேண்டும் என்பதை இனி நான் சொல்லத் தேவையில்லை.

அன்று என்னை பஸ் ஏற்றிவிட செல்லத்துரை வந்தான்.

"லே, அவ எப்ப வருவா?"

"வந்திட்டிருக்கா," என்றேன்.