வேகாத வளையங்கள்

காலை பத்து நாற்பதுக்குக் கரண்ட் போனது. மறைமலை நகரில் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் நான் சூளை சூப்பர்வைசர். தண்ணீர் பம்புக்குள் போகும் வெள்ளை வளையங்கள் அப்போது உச்சச் சூட்டில் இருந்தன.

அந்தச் சூட்டில் பீங்கான் மாவு உருகாது. துகளும் துகளும் தொட்ட இடத்தில் ஒட்டி, ஒட்டு தடித்து, இடைவெளிகள் மூடி, வளையமே சுருங்கும். அதற்கு இரண்டு மணி நேரம் சூடு இறங்கக் கூடாது. இறங்கினால் முதலிலிருந்து எண்ண வேண்டும். கரண்ட் வந்து சூடு மறுபடி ஏறியதும், விட்ட இடத்திலிருந்து எண்ணினேன். மறுநாள் லாரி வரும். தாமதமானால் பழி என் மேல் விழும்.

மறுநாள் அந்த வளையங்கள் தட்டுத் தட்டாக என் மகளிடம் போயின. அவளுக்குச் சோதனைப் பிரிவில் தற்காலிக வேலை. அடுத்த மாதம் நிரந்தரம் ஆகவேண்டியவள். உள்ளே என்னை ‘சார்’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது என் உத்தரவு. ஒரு வளையத்தை ஸ்பூன் காம்பால் தட்டினாள்.

“சார், கணீர்னு வரலையே. டொக்குனு இருக்கு.”

“எல்லாம் சரியாத்தான் இருக்கு. சீல் போடு.”

போட்டாள்.

பத்தாம் நாள் வளையங்கள் ஒழுகித் திரும்பி வந்தன. வேகாத பீங்கான் ஈரத்தை இழுக்கும். நாக்கில் வைத்தால் கவ்விக்கொள்ளும். சந்தேகம் வந்தால் ஒன்றிரண்டை அப்படிப் பார்ப்போம். மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்து, ஒரு தட்டு முழுக்க அவள் முன்னால் வைத்தார்.

“இன்னாம்மா, காதுதான் டமாரம். நாக்காவது வேலை செய்யுதா பாக்கலாம். ஒண்ணொண்ணா வை.”

வைத்தாள். ஒவ்வொன்றையும் பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

“குச்சி ஐஸ் துன்ற மாறியே கீது பாரு,” என்றாள் பேக்கிங்கில் ஒருத்தி. சிரித்தார்கள். நாற்பதாவது வளையத்தில் ரத்தம் ஒட்டியிருந்தது. அவள் என்னை ஒரே ஒருமுறை பார்த்தாள். ‘சார்தான் போடச் சொன்னார்’ என்று சொல்லவில்லை. என் கையில் அன்றைய சூட்டு வரைபடம் இருந்தது. கோடு சரிந்த இடம் உள்ளே போகும்படி மடித்திருந்தேன்.

இன்றும் அவள் சூடான காபியில் உதட்டைச் சுளித்தால் நான் என் டம்ளரைக் கீழே வைத்துவிடுகிறேன்.

அன்று நாலு மணிக்கு முதலாளி வந்தார். வரைபடத்தை வாங்கி விரித்தார். சரிவை விரலால் தடவிப் பார்த்தார். நான் மடித்திருந்தபடியே மடித்துத் திருப்பித் தந்தார்.

“சூளை பாக்க எனக்கு வேற ஆள் இல்ல, நீங்க இருங்க. பொண்ணு நாளைலேர்ந்து வரவேணாம். வீட்டுல நீங்களே சொல்லிடுங்க சார்.”