கேமராவுக்கு வைத்த பொட்டு

புத்தூர் கோயிலில் புதுக் காருக்குப் பூசை முடித்து ரிவர்ஸ் எடுத்தேன். பின்பக்கம் காட்டும் திரை செக்கச்செவேலென்று மங்கியிருந்தது. அப்படியும் எடுத்தேன். பைக் ஒன்று சாய்ந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த பெண் கையைப் பிடித்துக்கொண்டு துடித்தாள்.

பாய்ந்து இறங்கினேன். "ரிவர்ஸ் லைட் எரியறது தெரில? பாத்துக்கினு வரமாட்ட?" என்று பைக் ஓட்டிவந்த அவள் கணவனிடம் கத்தினேன். கூட்டமும் என் புதுக் காரைப் பார்த்துவிட்டு அவனையே திட்டியது.

அவன் குனிந்து, துண்டால் கார் கேமராவைத் துடைத்தான். நான் ஆசையாக வைத்த சந்தனமும் குங்குமமும் துண்டில் வந்தன.

"பொட்டு மறைச்சிக்கினு கீது சார். எப்பிடி தெரியும்" என்றான்.

எலும்புக்கட்டு வைத்தியரிடம் அவர்களை என் காரிலேயே அழைத்துப்போனேன். திரை மங்கியபோது இறங்கிப் பார்க்காதவன், கத்துவதற்கு எவ்வளவு வேகமாக இறங்கினேன்.